கொம்புத் தீவில் ஆடிக் கணக்கெடுப்பு

இறங்குகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஒரு கால் படகிலும் இன்னொரு கால் முழங்காலளவு தண்ணீரிலுமாக, தொலைநோக்கியின் முக்காலி தோளில் அழுத்த, அடுத்த அடியை எங்கே வைத்தால் திருக்கை முள் ஏறாது என்று மங்கையர்க்கரசி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நம்புராஜன் சார், பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டீர்களா என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்டார். “மேடம், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?” அவள் நிமிர்ந்து திரும்புவதற்குள், “இப்பச் சொல்ல வேணாம். எண்ணி முடியட்டும்” என்று தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெற்குக் கொம்பைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டார். நடை என்று மரியாதைக்குச் சொல்வதுதான், ஓட்டம். அறுபதை எட்டப்போகிற ஆள், மண்டபத்து ஐஸ் கம்பெனியில் பாதி ஆயுளை மேனேஜராகக் கழித்தவர், பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு ஓடுகிற பையனைப் போல மணலில் கால் புதையப் புதைய ஓடினார். படகுக்காரர் அலியார் நங்கூரக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். “அக்கா, பாத்து இறங்குங்க, ஆடித் தண்ணி” என்றார், அவ்வளவுதான். கொம்புத் தீவு என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, நடுவில் கொஞ்சம் புதர்க்காடு, அதன் இரு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்து நீளும் மணல், கொம்புகளுக்கு நடுவே சேறு, இவ்வளவுதான் தீவு. ஓதம் ஏறிக் கடல் பெருகினால் சேற்றில் மேய்கிற பறவையெல்லாம் பின்வாங்கிப் பின்வாங்கி மணலின் உள்வளைவுக்கு வந்து நெருக்கியடித்து நிற்கும். எண்ணுவதென்றால் அப்போதுதான் எண்ண வேண்டும், தண்ணீர் வடியத் தொடங்கினால் கலைந்துவிடும். ஆளுக்கொரு கொம்பின் நுனியில் உட்கார்ந்து ஆளுக்கொரு தடவை மொத்தத்தையும் எண்ணுவது, எண்ணி முடிக்கிறவரை பேச்சு கிடையாது, சைகை கூடக் கிடையாது, பிறகு படகருகே சந்தித்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்வது. ஒருத்தர் எண் மற்றவர் காதில் முன்னாலேயே விழுந்துவிட்டால் மனம் அந்தப் பக்கமே சாயும் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். அவள் போட்ட சட்டம் இன்றைக்கு அவள் வாயையே கட்டிப்போட்டுவிட்டது. மனுஷன் இதைத் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். இல்லை, அவ்வளவு சாமர்த்தியம் அவருக்குப் போதாது, வாயில் வந்தது, கேட்டுவிட்டார்.

அதுவும் ஆடியில். ஆடியில் யாராவது கல்யாணப் பேச்சை எடுப்பார்களா? கட்டிக்கொடுத்த பெண்ணையே பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிற மாசம். மங்கையர்க்கரசிக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறதில்லையா. வடக்குக் கொம்பின் நுனியில் முக்காலியை நன்றாக ஊன்றி, அதன் காலில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, சிவப்புக் குடையைச் சுருக்கிப் பக்கத்தில் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தபோது கச்சான் காற்று முதுகில் மணலை வாரி இறைத்தது. பல்லில் மணல், காதில் மணல். இந்த மாசத்தில் இங்கே யாரும் வரமாட்டார்கள். தை மாசத்தில் வருவார்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், குழந்தையைத் தூக்குகிற மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு, பூநாரை எங்கே பூநாரை எங்கே என்று. பூநாரையைப் பார்த்துவிட்டால் போய்விடுவார்கள். ஆடியில் இங்கே நிற்பவை வடக்கே போகாத குஞ்சுகள், போன வருஷம் எங்கோ பனிநாட்டில் பொரிந்து இங்கே வந்து சேர்ந்தவை. முதல் கோடையில் திரும்பிப் போவதில்லை, நிறம் ஏறுவதில்லை, சோடி சேர்வதில்லை, சாம்பல் பூசின மாதிரி ஒரே மங்கலாக நின்றுகொண்டு வருஷத்தை ஓட்டும். அவளுக்கு இவற்றைத்தான் ரொம்பப் பிடிக்கும். பார்க்க ஆளில்லாத நேரத்துப் பறவை. இதைச் சொன்னால் உடனே, ஓகோ, போகாமல் தங்கிவிட்ட பறவையா, உங்களை மாதிரியா மேடம் என்று யாராவது ஒரு கேமராக்காரர் ஆரம்பிப்பார். பறவையைப் பார்த்துத் தன் கதையைச் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. உப்புக்கொத்தி உப்புக்கொத்திதான், அதற்கு அவள் கதை எதற்கு. தண்ணீர் சேற்றில் நாக்கு நீட்ட ஆரம்பித்திருந்தது, முதல் கூட்டம் காற்றுக்கு எதிராகத் தாழப் பறந்து வந்து இறங்கி, இறங்கினதும் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன, பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி. வலதுகை விரலில் மாட்டியிருந்த எண்ணும் கருவியை, நாமம் எண்ணுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்களே அதே கருவிதான், ராமேஸ்வரத்து ரதவீதியில் வாங்கியது, கட்டைவிரலால் அழுத்தினாள். பத்துக்கு ஒரு அழுத்து. டிக். உப்புக்கொத்தி பத்து, டிக், இன்னொரு பத்து, டிக், நடுவில் கல்லைப் புரட்டுகிற கல்திருப்பி நாலைந்து, அவை தனி. எண்ணுவது என்பது நல்ல வேலை. எண்ணுகிறபோது வேறு எதுவும் மனதில் நிற்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குறை என்று என்ன இருக்கிறது? ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகிற தெருவில் சொந்தக் கண்ணாடிக் கடை, மேலே இரண்டு அறை, மொட்டை மாடி, மாடியில் தண்ணீர் வைத்தால் வருகிற சிட்டும் தவிட்டுக்குருவியும். காலையில் எழுந்து தனக்கு வேண்டிய திடத்தில் ஒரு டம்ளர் காப்பி. கடையில் நாள் முழுக்க ஆட்கள், மேல்வரி தெரியுதா, கீழ்வரி தெரியுதா, இப்ப நல்லாருக்கா முன்னாடி நல்லாருந்துச்சா. ராத்திரி ஷட்டரை இழுத்துவிட்டு மேலே ஏறினால் அப்படி ஒரு அமைதி, ரசத்தைச் சோற்றில் ஊற்றி ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டால் ஏன் நின்று சாப்பிடுகிறாய் என்று கேட்க ஆளில்லை. மதுரையிலிருந்து தம்பி பெண்டாட்டி வாரம் தவறாமல் போன் செய்து, தனியா இருக்கீங்களே மதினி, ராத்திரி ஏதாச்சும்னா என்ன பண்ணுவீங்க என்பாள். ஏதாச்சும்னா என்ன ஆகும், செத்துப்போவேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள், அதற்கப்புறம் இரண்டு வாரம் போன் வரவில்லை. சத்தியமாகச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பெண் தனியாகச் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதை நம்ப இந்த ஊரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், ஒன்று அவள், இன்னொன்று நம்புராஜன் சார், இப்போது அவரும் கட்சி மாறிவிட்டாரா? டிக். டிக். அவர் முதன்முதலில் கடைக்கு வந்ததே கண்ணாடி மாற்றத்தான். மனைவி பூமயில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்த சமயம், நாற்காலியில் உட்கார்ந்து, “பக்கத்துல தெரியாட்டியும் பரவால்லங்க, தூரம் தெரியணும்” என்றார். பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்தது. அவள் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய இரட்டைக்குழல் நோக்கியைக் காட்டி இது எதுக்கு என்று கேட்டார், குருவி பார்க்க என்றாள், கொடுங்க என்று வாங்கிக்கொண்டு வாசலில் நின்று எதிர்வரிசைத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒரு பருந்தைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கண் பரிசோதிக்க வந்த இரண்டு பேர் காத்திருந்து போயே போய்விட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்போது, இதை வாடகைக்கு விடுவீங்களா என்று கேட்டாரே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்ததில் தொலைநோக்கி ஆடி, கூட்டத்தில் எது வரை எண்ணினோம் என்பது போய்விட்டது. அந்தக் கருப்புப் பாசித் துண்டு வரை. இல்லை, அதற்கு முன்னாலேயே.

மறுபடி இடது ஓரத்திலிருந்து. இதைத்தான் அவரும் செய்கிறாரோ என்னவோ. வைகாசியிலும் ஆனியிலும் அவர் எண் குறைவு, கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு கூட்டத்தையே விட்டுவிட்ட மாதிரி குறைவு. ஒன்பது வருஷமாக இரண்டு பேருடைய எண்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரும், இப்போது திடீரென்று இப்படி. அவள் கண்ணாடிக் கடைக்காரி, அவளுக்குத் தோன்றுவது கண்ணாகத்தான் இருக்கும். போன மாசம் படகில் அவர் வெயிலைப் பார்த்துத் திரும்பியபோது தூசி விழுந்திருக்கிறது என்று சாக்குச் சொல்லி இமையைத் தூக்கிப் பார்த்தாள். புரை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது, ஆடுகிற படகில் என்ன தெரியும். தொட்டதும் அவர் அசையாமல் நின்றார், மூச்சுவிடுகிற சத்தம் கூட இல்லை. புரை என்றால் அரைநாள் வேலை, எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துவிடலாம். புரையாக இல்லாவிட்டால்? எண்ணிக்கொண்டே வந்து நடுவில் மறந்துபோகிற வியாதியாக இருந்தால்? அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது, சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணினார், பிறகு எண்ணுவதை விட்டார், பிறகு அவளை யாரென்று கேட்டார். ஏழு வருஷம். துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து. அப்பாவை அவளுக்கு உயிர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, இன்னும் ஏழு வருஷம் என்றாலும் செய்திருப்பாள், அதெல்லாம் உண்மை. எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் தூங்கினாளே, அதுவும் உண்மை. எழுந்தபோது உடம்பு காற்றாக இருந்தது. இனி ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரமாட்டேன் என்று அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த வயதில் கல்யாணம் என்றால் அதற்கு அர்த்தமே யார் ஸ்டூலில் யார் கட்டிலில் என்பதுதானே. டிக். அவர் கட்டிலில் என்றால் பயமாக இருக்கிறது. தான் கட்டிலில் என்று நினைத்துப் பார்த்தாள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மேடம் இந்தப் பக்கம் புரட்டவா என்று கேட்கிற மாதிரி. அது அவ்வளவு பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். டிக்.

மேடம் என்றேதான் கூப்பிடுவாரா? கல்யாணம் ஆனபிறகு மேடம் என்றால் ஊர் சிரிக்காதா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கே வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும், மங்கையர்க்கரசி என்று முழுசாகக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்தோடு சரி. அவள் அவரைச் சார் என்பதை விட்டுவிட்டு என்னங்க என்று சொல்ல வேண்டுமா? வாயைத் திறக்காமல் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். என்னங்க. சே. காய்கறிக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. குறட்டை விடுவாரோ? விடுவார், அந்த மூக்குக்கு விடாமல் இருக்காது. இரண்டு அறை இருக்கிறது, அதில் ஒன்று அவருக்கு. ஜன்னலோரம் நின்று ரசம் சாப்பிடுவது போய்விடும், உட்கார வேண்டும், தட்டு இரண்டு எடுக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே அழுத்தியது. காலையில் படகடியில் குடித்த டீ. இந்தத் தொல்லையை எந்தப் பறவைப் புத்தகத்திலும் எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் எல்லாம் ஆம்பளைகள். மொட்டை மணல், மறைவுக்குக் கை அகலச் செடி கூட இல்லை, இரண்டாவது தடவை வந்தபோதே அவள் சிவப்புக் குடையை விரித்துப் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டாள், அவரிடம் எதுவும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது. எட்டிப் பார்த்தால் அந்தக் கோடியில் மனுஷன் தொலைநோக்கி, ஸ்டூல், தொப்பி எல்லாவற்றோடும் எழுந்து, முழுசாகத் திரும்பி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குடை சுருங்குகிற வரை திரும்பவில்லை, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை. அன்றிலிருந்து இன்று வரை அப்படித்தான், அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. இப்போதும் குடையை விரித்தாள். முடித்துக்கொண்டு, முடிச்சைப் போட்டுக்கொண்டு, குடை விளிம்புக்கு மேலாகப் பார்த்தாள். அவர் முதுகு தெரிந்தது. காற்றில் சட்டை புடைத்து, தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத கடலை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் எண்ண வேண்டிய கூட்டம் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. கல்யாணத்தைக் கேட்டுவிட்டு, பதில் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர், இன்றைக்காவது ஓரக்கண்ணால் பார்க்கலாமில்லையா என்று தோன்றியது. பார்க்கமாட்டார்.  ஒரு ஆளைப் பற்றி இதைவிட என்ன தெரிய வேண்டும் என்று நினைத்தாள், நினைத்த மறுநொடியே, தெரிய வேண்டியது இன்னொன்று இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு முள் தைத்தது.

அந்த முள் கோயமுத்தூர். ஐஸ் கம்பெனியைப் பங்குனியிலேயே மூடிவிட்டார்கள். அவர் மகள் கோயமுத்தூரில், மாடியில் தனி அறை கட்டி வைத்திருக்கிறேன் வாங்கப்பா வாங்கப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அங்கே கடல் ஏது, ஓதம் ஏது. இங்கேயே தங்க ஒரு காரணம் வேண்டும், கல்யாணம் நல்ல காரணம், மகளால் எதுவும் சொல்ல முடியாது. அப்படியென்றால் அவர் கேட்டது அவளையா, கொம்புத் தீவையா? இது புத்திக்குத் தட்டினதிலிருந்து மனசு செக்குமாடு மாதிரி இதையே சுற்றியது. அவளும்தான் என்ன யோக்கியம்? அவர் போய்விட்டால் ஒற்றை ஆளாக எண்ணி என்ன பிரயோசனம், அவள் போட்ட சட்டப்படியே அது செல்லாது. மாதாமாதம் வருவது நின்றுவிடும். சரியென்று சொல்லத் தோன்றுகிற ஆசையில் எத்தனை பங்கு அந்த முதுகு, எத்தனை பங்கு இந்த மணல்? பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரிக்க முடியாததோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாளும் நன்றாக இருந்ததற்குக் காரணமே நடுவில் இருந்த இந்தத் தூரம்தானோ? இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவர், நடுவில் ஒரு வளைகுடா அளவுக்குப் பேசாமலிருத்தல். கிட்டே வந்தால் அவரும் எல்லாரையும் போலத்தான் இருப்பாரோ, துண்டு எங்கே, பேப்பர் எங்கே என்று. டிக் டிக் டிக். அப்போது பார்த்துச் செம்பருந்து ஒன்று புதர்க்காட்டுக்கு மேலிருந்து சாய்ந்து வந்தது. அவ்வளவு கூட்டமும் ஒரே மூச்சில் எழும்பியது, ஒரே உடம்பாக, வயிறு காட்டியபோது வெள்ளையாகவும் முதுகு காட்டியபோது ஒன்றுமில்லாததாகவும், அவள் தலைக்கு மேலாக வந்து திரும்பியபோது ஆயிரம் சின்னச் சிறகின் காற்று முகத்தில் பட்டது. படாமலும் இருந்திருக்கலாம், கச்சானாகவும் இருந்திருக்கலாம். அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கோயமுத்தூர் இல்லை, அப்பா இல்லை, ஸ்டூல் இல்லை. பருந்து வெறுங்காலோடு கடல் பக்கம் போனது, கூட்டம் ஒருதரம் சுற்றிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து இறங்கி, அக்கம்பக்கத்தாரோடு இடத்துக்குச் சண்டை போட்டு, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு சுகமாக இருக்கிறது இங்கே என்று நினைத்தாள். என்ன பதில் சொன்னாலும் இந்த நிமிஷத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

பிறகுதான் கையைப் பார்த்தாள். எண்ணும் கருவி ஒரு எண்ணைக் காட்டியது. பெரிய எண். இவ்வளவு பறவை தை மாசத்தில் கூட இங்கே நின்றதில்லை. கட்டைவிரல் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது, பறவைக்கும் அழுத்தியிருக்கிறது, குறட்டைக்கும் அழுத்தியிருக்கிறது, கோயமுத்தூருக்கு எத்தனை தடவை அழுத்தியதோ. பருந்து வந்தபோதும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு கேவலம் நடந்ததில்லை. மறுபடி எண்ணலாம் என்று கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தபோது தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது, மூக்கு வளைந்த கடற்கோட்டான்கள் முதலில் இறங்கிச் சேற்றுக்குப் போயின, பின்னாலேயே மற்றவையும். கூட்டம் ஓரத்தில் பிரிந்து, நடுவில் ஓட்டை விழுந்து, போய்க்கொண்டே இருந்தது. தெற்குக் கோடியில் அவர் எழுந்து முக்காலியை மடக்கினார்.

படகருகே அலியார் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பலகையில் நீட்டிப் படுத்திருந்தார். நம்புராஜன் சார் வந்து நின்றார். வழக்கம்போல, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லிவிட்டுத் தன் எண்ணை உரக்கச் சொன்னார். 

“நீங்க சொல்லலையே மேடம்?”

“எங்கிட்ட எண்ணே இல்ல சார்.” கையை நீட்டிக் கருவியைக் காட்டினாள். “இதுல பாதி பறவை, பாதி நீங்க.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த எண்ணைக் குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது.

“அப்படி ஒரு கேள்வியக் கேட்டுட்டு நீங்க மட்டும் எப்படி சார் எண்ணுனீங்க?”

“கேட்டாச்சுல்ல மேடம், பாரம் எறங்கிடுச்சு. இன்னிக்குத்தான் ஒழுங்கா எண்ணிருக்கேன். ரெண்டு மாசமா எங்க எண்ண விட்டுச்சு? படகுல ஏறுனாலே எப்படிக் கேக்கிறது, எப்பக் கேக்கிறதுன்னு மண்டைக்குள்ள இதேதான். கூட்டம் கூட்டமா விட்டிருக்கேன்.”

“நான் கண்ணுல புரைன்னு நெனச்சேன்.” கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கினதும் அந்த முள் அங்கேயே இருந்தது. கேட்டுவிடுவதென்று கேட்டாள். “உண்மையச் சொல்லுங்க சார். கோயமுத்தூர் போகாம இருக்கத்தான கேட்டீங்க? இந்தத் தீவ விட மனசில்லாம?”

அவர் மணலைப் பார்த்தார், தெற்கே பார்த்தார்.

“அதுவும்தான் மேடம். இல்லேன்னு சொன்னா பொய்யி” என்றார். “ஆனா சித்திரையில நீங்க மதுரைக்குப் போயிட்டீங்க. இந்த மாசம் வேணாம்னு விட்டோம்ல? அன்னிக்கு நான் தனியா வந்தேன். அந்தக் கோடியில நீங்க இல்ல. பறவையெல்லாம் எப்பவும் போலத்தான் நின்னுச்சு, நண்டுதின்னி கூட ரெண்டு வந்துச்சு. பாக்கப் புடிக்கல. செத்த நேரத்துல திரும்பிட்டேன். தீவுதான் வேணும்னா அன்னிக்கு நான் உக்காந்து எண்ணிருக்கணும்ல?”

துண்டுக்குக் கீழிருந்து அலியாரின் குரல் வந்தது. “ஆமாக்கா. வந்தாரு, பாத்தாரு, போலாம் அலியாருன்னுட்டாரு. நான் வயித்துவலின்னுல்ல நெனச்சேன்.”

நண்டுதின்னி இரண்டு. வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் பட்டாலே பெரிசு, அதைப் பார்த்துவிட்டு மூணு மாசமாக அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அதைச் சொன்னால் வந்ததையும் சொல்ல வேண்டும், வந்ததைச் சொன்னால் திரும்பினதையும் சொல்ல வேண்டும். மங்கையர்க்கரசிக்குக் கண் கரித்தது. காற்றும் மணலும் இருந்தது வசதியாகப் போயிற்று.

“கடைய மூட மாட்டேன் சார்.”

“மூட வேணாம்.”

“ராமநாதபுரத்த விட்டு வரமாட்டேன்.”

“நான் வர்றேன்.”

“சமையல் எனக்கு ரசத்தோட சரி.”

“மீன் குழம்பு நான் வப்பேன். பூமயிலே நல்லாருக்குன்னு சொல்லிருக்கா.”

“அப்பாவப் பாத்த மாதிரி இன்னொருத்தரப் பாக்க எனக்குப் பயம் சார். அத இப்பவே சொல்லிடுறேன்.”

“எனக்கும் பயந்தான் மேடம். பூமயில நானும் பாத்தேன்ல.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சரி. ஆடி முடியட்டும்” என்றாள்.

“என்ன சரி?”

“கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொன்னேன் சார்.”

அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் வாயில் வந்தது இதுதான். “இந்த மாச எண்ணிக்கை போச்சே மேடம். ஒத்த எண்ணு செல்லாதே.”

“நாளைக்கு வருவோம்.”

“நாளைக்குத் திங்கக்கிழமை. கடை?”

“பூட்டிட்டு வர்றேன்” என்றாள். வேலைநாளில் அவள் கடையைப் பூட்டினதாகச் சரித்திரமே இல்லை. பிறகு, இதைக் கேட்காமல் படகில் ஏறக்கூடாது என்று தோன்றியதால், கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். “நாளைக்கு நீங்க எங்க சார் உக்காருவீங்க?”

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “எங்கன்னா? தெக்குக் கோடியிலதான். பக்கத்துப் பக்கத்துல உக்காந்து எண்ணுனா ரெண்டு பேருக்கும் ஒரே தப்புல்ல வரும் மேடம்?”

அந்த நிமிஷமே அவரை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அலியார் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டதால், படகில் ஏறி உட்கார்ந்தாள்.